"பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை"



சென்ற வாரம் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்திக் கொண்டிருந்தேன். 2019-ஆம் ஆண்டில் நான் வகுப்பாசிரியராக இருந்த நான்காம் ஆண்டு வகுப்பின் கோப்பு கையில் அகப்பட்டது. அதில் ஒரு மாணவியைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த குறிப்பு இது: "அடிக்கடி விடுப்பு. வீட்டுப்பாடம் முழுமையாக இல்லை. பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை."

முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பொய். வேண்டுமென்றே எழுதிய பொய்யன்று, தெரியாமல் எழுதியது. ஆனால் தெரிந்துகொள்ள முயலாமலேயே எழுதினேன். ஆகவே பழி என்னையே சேரும்.

இந்த வரியை நம் தமிழ்ப்பள்ளிகளில் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை பிள்ளைகளின் பதிவேட்டில் எழுதியிருப்போம்! ஆசிரியர் அறையில் ஓய்வு வேளையில் இதைப்பற்றிப் பேசாத நாள் உண்டா? "கைப்பேசி வாங்கக் காசு இருக்கிறது, பயிற்சி நூல் வாங்க இல்லையாம்" என்று ஒருவர் சொல்வார். மற்றவர் தலையை ஆட்டுவார். நானும் ஆட்டியிருக்கிறேன்.

எங்கள் பள்ளிக்கு அருகில் பி.பி.ஆர். என்று எல்லாரும் அழைக்கும் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடிகள் இருக்கின்றன. மாத வாடகை 124 வெள்ளி. மூன்று அறைகள், ஏறக்குறைய 700 சதுர அடி. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் அங்கிருந்துதான் வருகிறார்கள். அவற்றுள் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சிறிய சமூக அமைப்பு ஒன்று இயங்கி வருகிறது. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விளம்பரம் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். ஓர் அறை, நான்கு மடக்கு மேசைகள், ஓர் அரிசிப் பானை, இரண்டு முழுநேரப் பணியாளர்கள், வந்து போகும் தொண்டூழியர்கள் சிலர். அவ்வளவுதான்.

அந்த அமைப்பில் பணியாற்றும் அம்மையார் ஒருவர் ஒருநாள் பள்ளிக்கு வந்து என்னைக் கேட்டார்: "டீச்சர், அந்தப் பிள்ளை எந்தக் கிழமைகளில் வரவில்லை என்று பார்த்தீர்களா?"

நான் எத்தனை நாள் என்று எண்ணியிருந்தேன். எந்தக் கிழமை என்று பார்க்கவில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்தோம். திங்கள், புதன், வெள்ளி. பெரும்பாலும் அவைதாம். சோம்பலுக்குக் கிழமை தெரியுமா?

அன்று மாலை என்னை ஒன்பதாம் மாடிக்கு அழைத்துச் சென்றார். மின்தூக்கி பழுது, படியேறினோம். வீட்டில் தாயார் இல்லை. அந்தப் பத்து வயதுப் பெண் கதவைத் திறந்தாள். அவள் பின்னால் ஆறு வயதுத் தம்பி நின்றான். அவன் பாலர் பள்ளிக்குப் போகவில்லை. அவனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. தாயார் வாரத்தில் மூன்று நாள் காலைப் பொழுதில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்கிறார். மற்ற நாள்களில் மாலையில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். காலைப் பணி உள்ள மூன்று நாள்களிலும் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் அக்காள் இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒத்துழைப்புக்குக் குறைவே இல்லை. பத்து வயதுப் பிள்ளை வரைக்கும் எல்லாரும் ஒத்துழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பையனுக்கு ஏன் பத்திரம் இல்லை? அவன் பிறந்தபோது தகப்பனார் வீட்டைவிட்டுப் போய்விட்டார். போகும்போது ஆவணங்கள் சிலவும் அவரோடு போயின. உரிய காலத்திற்குள் பிறப்பைப் பதியாவிட்டால் அது தாமதப் பதிவாகிவிடும். தாமதப் பதிவுக்கு மருத்துவமனைச் சான்று, கருவுற்ற காலப் பரிசோதனைக் குறிப்பேடு, தாயின் அடையாள அட்டை, விசாரணை என்று நீளும். தாயார் இரண்டு முறை பதிவிலாகாவுக்குப் போயிருக்கிறார். முதல் முறை ஒரு தாள் குறைவு. இரண்டாம் முறை வேறு ஒரு தாள் குறைவு. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போயிற்று. மூன்றாம் முறை போகவில்லை.

"போனா திட்டுவாங்க டீச்சர், ஏன் இவ்வளவு லேட்டுன்னு" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

எனக்கு வெட்கமாக இருந்த செய்தி இன்னொன்று. தாய் தந்தையருள் ஒருவர் மலேசியக் குடிமகனாக இருந்தால், ஆவணம் முழுமையாக இல்லாத பிள்ளையையும் அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொண்டு, ஆவணத்தைப் பிறகு பெற்றுக்கொள்ளும் நடைமுறை 2019 முதல் எளிதாக்கப்பட்டிருந்தது. அந்தத் தாயாருக்கு அது தெரியாது. சரி, அவருக்குத் தெரியாது. அரசாங்க ஆசிரியையான எனக்கும் அன்று அது தெரியாதே! எங்களிருவருக்கும் அதைச் சொன்னவர் கீழ்த்தளத்து அறையில் அரிசிப் பானையோடு இருந்த அம்மையார்.

அவர் செய்தது என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. உடன் போனார். பதிவிலாகாவுக்கு, மருத்துவமனையின் பழைய பதிவுகள் பிரிவுக்கு, மாவட்டக் கல்வி அலுவலகத்திற்கு. தாயாருக்கு அன்றைய கூலி இழப்பை அமைப்பின் சிறு நிதியிலிருந்து ஈடு செய்தார். படிவத்தை நிரப்பினார். "அடுத்த தடவை இதைக் கொண்டு வாருங்கள்" என்று முகப்பில் சொன்னவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 2020 சனவரியில் பையன் முதலாம் ஆண்டில் சேர்ந்தான். மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாம் மூடிக்கொண்டது. பத்திரம் கைக்கு வந்தபோது 2021 பிறந்துவிட்டது. ஆனால் அக்காள் பள்ளிக்கு முறையாக வரத் தொடங்கியது 2020 சனவரியிலேயே. ஒரு டியூசன் வகுப்பும் அவளுக்கு நடக்கவில்லை. ஒரு தன்முனைப்பு முகாமும் இல்லை. தம்பிக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அவளுக்கு மூன்று காலைகள் திரும்பக் கிடைத்தன.

வறுமைச் சுழல் என்று மேடைகளில் முழங்குகிறோம். "கல்விதான் நம்மைக் கரையேற்றும்" என்கிறோம். மறுக்கவில்லை, நான் ஆசிரியை, மறுத்தால் சோறு கிடையாது. ஆனால் அந்தக் கல்வி பள்ளி வாசலுக்குள் நுழையும் முன்பே எங்கே தடுக்கி விழுகிறது என்பதைப் பார்க்க நாம் மாடி ஏறுவதில்லை. ஏழைக் குடும்பத்திற்குப் பணம் குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். நேரமும் குறைவு என்பது பலருக்குத் தெரியாது. அலுவலக முகப்பில் நின்று பேசும் துணிவும் குறைவு. ஒரு தாள், ஒரு நாள் விடுப்பு, ஒரு பேருந்துக் கட்டணம், ஒரு அதிகாரியின் கோபமான முகம்: இவை நமக்குத் தொல்லை, அவர்களுக்குச் சுவர். தாய்க்கு எழும்பிய சுவர் மகளின் விடுப்பாக மாறுகிறது. மகளின் விடுப்பு தேர்ச்சியின்மையாகிறது. தேர்ச்சியின்மை பதினாறு வயதில் ஓர் உணவகத்துப் பாத்திரத் தொட்டியாகிறது. சுழல் என்பது இதுதான்.

பழங்கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நகர்ப்புற ஏழைகளில் பெரும்பகுதியினர் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தாம். தோட்டத்தில் சொர்க்கமா இருந்தது? இல்லை. அங்கேயும் தகப்பனின் உளியும் வாளியும் மகனுக்கு வந்து சேர்ந்தன. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அமைத்தார்கள், பல இடங்களில் அது ஒரு கொட்டகை. படிப்பு முடிந்ததும் பிள்ளை மரத்தடிக்குப் போயிற்று. அந்த வாழ்க்கையை நினைத்துப் பெருமூச்சு விட நான் தயாராக இல்லை.

எனினும் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. பால்வெட்டுக்குப் போகும் தாய் விடியற்காலையில் பிள்ளையை அங்கே விட்டுப் போவாள். பள்ளி கூப்பிடு தூரத்தில் இருந்தது. யாருக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்குப் பதியவில்லை என்பது லயம் முழுவதுக்கும் தெரியும். தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது மக்கள் வேலையை இழந்தார்கள். வேலையோடு ஒட்டியிருந்த வீட்டையும் இழந்தார்கள். இவற்றைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. ஆயாக் கொட்டகையை இழந்ததைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. புறம்போக்குக் குடிசைக்கு வந்து, அங்கிருந்து அடுக்குமாடிக்கு வந்த பெண்ணுக்கு ஒன்பதாம் மாடியில் அந்தக் கொட்டகை இல்லை. அந்த இடத்தில்தான் பத்து வயது மகள் நிற்கிறாள்.

யுனிசெஃப் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கோலாலம்பூர் வட்டாரத்தின் 17 மலிவு விலை அடுக்குமாடிகளில் 966 குடும்பங்களைச் சந்தித்து எடுத்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். பத்துப் பிள்ளைகளில் ஒருவருக்கு நாளுக்கு மூன்று வேளை உணவில்லை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளில் பாதிப்பேரே பாலர் பள்ளிக்குப் போனார்கள். இரட்டைக் கோபுரம் தெரியும் தூரத்தில்! எல்லா இனத்துப் பிள்ளைகளும் இதில் அடக்கம். இது நம் இனத்துக்கு மட்டுமே நேர்ந்த கேடு என்று புலம்புவதும் பிழை.

அரசாங்கக் கணக்கில் நெடுங்காலம் இவர்கள் ஏழைகளே அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பத்திற்கு மாதம் 980 வெள்ளி என்பதுதான் வறுமைக்கோடாக இருந்தது. 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாட்டுச் சபையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து இதைக் கடுமையாகக் குறைகூறிவிட்டுப் போனார். 2020-இல் கோடு 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது. 2022 கணக்கெடுப்பில் அது 2,589 வெள்ளி. 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரே ஒருவர் உழைக்கும் வீடென்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் முதலாளி சட்டப்படி கொடுத்தால், சேமநிதியும் சொக்சோவும் கட்டினால்.

உதவவே ஆளில்லை என்று சொன்னால் நன்றி கொன்றவளாவேன். தோட்டத் துண்டாடலின்போது தொழிலாளர்களின் சிறு பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கினார். 1979-இல் கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியம் தோன்றியது. 1982-இல் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார்; அதன் வார இறுதி வகுப்புகளில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள். என்னோடு பணியாற்றும் ஆசிரியர்களிலும் அங்கே படித்தவர்கள் உண்டு. 2011-இல் தோன்றிய மைஸ்கில்ஸ் அறவாரியம் இன்னொரு கதவைத் திறந்தது. படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்களைத் தேடிச் சேர்த்துத் தொழில்திறன் கற்பிக்கிறது. முன்னது ஏறக்கூடிய பிள்ளைக்கு ஏணி கொடுத்தது. பின்னது விழுந்த பிள்ளையைத் தூக்குகிறது. இரண்டும் வேண்டும்.

ஆனால் ஏணிக்கும் விழுந்த பின் தூக்குவதற்கும் இடையில், பிள்ளை விழாதபடி வீட்டைப் பிடித்து நிறுத்தும் வேலை ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் ஆளும் பணமும் குறைவு. ஏனென்றால் அதைப் படம் பிடிக்க முடியாது.

தீபாவளி வந்தால் பாருங்கள். அரிசி, எண்ணெய், மாவு, பிஸ்கட் டின் அடங்கிய கூடைகள். வரிசையாகப் பிள்ளைகள். ஆளுயர மாதிரிக் காசோலை. பொன்னாடை. பதாகையில் அன்பளிப்பாளரின் முகம் பிள்ளைகளின் முகங்களைவிடப் பெரிது. அந்தக் கூடையை வாங்குவதற்காக வரிசையில் நிற்கும் ஐந்தாம் ஆண்டு மாணவனின் முகத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவன் யாரோடும் பேசமாட்டான். வகுப்பில் மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள் என்பதே அவன் கவலை. கூடையின் அரிசி இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும்.

தன்முனைப்பு முகாம்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் இவை தேர்வுக்கு முன் கட்டாயச் சடங்குபோல் நடந்தன. 2021-இல் தேர்வை ஒழித்தார்கள், முகாம் ஒழியவில்லை. விளக்கை அணைத்து, சோக இசை போட்டு, "உன் அம்மா உனக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறார் தெரியுமா?" என்று ஒலிபெருக்கியில் கேட்பார்கள். பிள்ளைகள் தேம்பி அழும். பெற்றோரின் பாதத்தைக் கழுவச் சொல்வார்கள். நானும் ஒருமுறை பின்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்திருக்கிறேன். ஆனால் ஒன்பதாம் மாடிப் பிள்ளைக்கு அம்மா கஷ்டப்படுவது தெரியாதா? நமக்கல்லவா தெரியவில்லை! அந்தத் தாயாருக்கு முகாமுக்கு வர விடுப்பு கிடைக்காது. எல்லாப் பிள்ளைகளும் பாதம் கழுவும்போது அவள் மட்டும் தனியாக நிற்பாள்.

இதை எழுதுவதால் சிலர் வருந்துவார்கள். வருந்தட்டும்.

கீழ்த்தளத்து அமைப்பு வேறுவகையில் வேலை செய்கிறது. ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டால் குறைந்தது ஐந்தாண்டு விடுவதில்லை என்பது அவர்கள் வைத்திருக்கும் விதி. ஆகவே ஒரே சமயத்தில் முப்பது குடும்பங்களுக்கு மேல் எடுப்பதில்லை. முதல் மாதம் எதுவும் கொடுப்பதில்லை, கேட்கிறார்கள். வாடகை எத்தனை மாதம் பாக்கி, திருமணம் பதியப்பட்டதா, பிள்ளைகள் அனைவருக்கும் பத்திரம் உண்டா, வட்டிக்கு வாங்கியிருக்கிறார்களா, யாருக்கு நோய். திருமணப் பதிவைக் கேட்பானேன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கோவிலில் தாலி கட்டினாலே திருமணம் ஆயிற்று என்று நம்மவர் பலர் இருந்துவிடுகிறார்கள். 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி அதைப் பதிய வேண்டும். பதியாத இடத்தில் தாய் வெளிநாட்டவர் என்றால், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையின் குடியுரிமையே சிக்கலாகிவிடும். ஒரு கையொப்பம் தவறியதன் விலை ஒரு பிள்ளையின் வாழ்நாள்!

கேட்ட பிறகுதான் வேலை தொடங்குகிறது. வாடகைப் பாக்கியைத் தவணையாக்க எழுதிக் கொடுப்பது, சமூகநல இலாகாவின் உதவிக்கு மனுச் செய்வது, பாலர் பள்ளியில் இடம் தேடுவது, மாலையில் பிள்ளைகளுக்குச் சோறும் வீட்டுப்பாடமும். இரண்டு தாய்மார்கள் இப்போது அந்த அறையிலேயே மற்றவர்களின் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, அதற்கு ஊதியமும் பெறுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தபோது ஆயாக் கொட்டகை நினைவுதான் வந்தது.

2021 சூலை மாதம் பல வீடுகளில் வெள்ளைக் கொடி பறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உணவில்லாதவர்கள் வெட்கத்தை விட்டுக் கொடி கட்ட வேண்டியிருந்தது. அந்த முப்பது வீடுகளில் கொடி ஏறவில்லை. ஏறுவதற்கு முன்பே யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது கீழ்த்தளத்துக்குத் தெரிந்திருந்தது.

எல்லாம் வெற்றிதான் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு குடும்பத்துக்காக அவர்கள் மூன்றாண்டு உழைத்தார்கள். மூத்த பையன் என் மாணவன்; கணிதத்தில் கெட்டிக்காரன். தகப்பனார் பழைய கடனை அடைக்கப் புதிதாக வட்டி முதலையிடம் போனார். கதவில் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். மறுநாள் இரவு குடும்பமே சட்டி பானையோடு போய்விட்டது. எங்கே என்று இன்றுவரை தெரியாது. பள்ளி மாற்றுப் படிவத்தை வாங்கவும் யாரும் வரவில்லை. அவனது வகுப்புப் பயிற்சி நூல்கள் இரண்டு என் அலமாரியில் இருக்கின்றன. அந்த அம்மையாரிடம் கேட்டபோது, "கடனைப் பற்றி முதல் மாதமே கேட்டோம் டீச்சர், இல்லை என்றார். நாங்கள் நம்பிவிட்டோம்" என்றார். இன்று அவர்கள் அதே கேள்வியைத் தாயிடம் தனியாகவும் கேட்கிறார்கள்.

குறைகளும் உண்டு. எல்லாம் அந்த அம்மையார் ஒருவரின் தோளில் கிடக்கிறது. அவர் இரண்டு வாரம் நோயுற்றபோது அறை மூடிக் கிடந்தது. தொண்டூழியர்களாக வரும் கல்லூரி மாணவர்கள் மூன்று மாதத்தில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிள்ளைகள் அவர்களோடு பழகிய பின் ஏமாந்து நிற்கும். சில சமயம் தாய்மார்களைக் கொஞ்சம் அதட்டலாகவும் பேசுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, சொல்லியும் இருக்கிறேன். ஆயினும் அதட்டுபவர் அடுத்த நாளும் வருகிறார். அன்பாகப் பேசிக் கூடை கொடுத்தவர் அடுத்த தீபாவளிக்குத்தான் வருகிறார்.

ஆசிரியர் பெருமக்களே, உங்கள் வேலைப் பளு எனக்குத் தெரியாததன்று. கணினியில் ஏற்ற வேண்டிய தரவுகளுக்கே நாள் போதவில்லை. ஒவ்வொரு மாடியும் ஏறிவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுமுன் கிழமையைப் பாருங்கள். பிறகு தொலைபேசியை எடுங்கள். உங்கள் வட்டாரத்தில் இப்படி ஓர் அமைப்பு இருக்கும். இல்லாவிட்டால் கோவில் மகளிர் பிரிவிலோ குடியிருப்பாளர் சங்கத்திலோ வீட்டு நிலவரம் அறிந்த ஒருவராவது இருப்பார். பிள்ளையின் பெயரை ஊரறியச் செய்யாமல் அவரிடம் சொல்லுங்கள். ஆறாம் ஆண்டு முடிந்து பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போதும் சொல்லுங்கள். அங்கே நம் கண் அவள்மேல் இருக்காது. தாய்மொழிப் பள்ளியிலிருந்து போகிறவர்களில் சிலர் முதலாம் படிவத்திற்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க வேண்டியிருக்கிறது. என் அனுபவத்தில் பிள்ளைகள் காணாமற்போவது அந்த ஆண்டில்தான்.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது வேறு. பள்ளி வாசலுக்கு வர முடியாத தாயாரைப் பற்றி உங்கள் பிள்ளைகளுக்கு முன் இளக்காரமாகப் பேசாதீர்கள். உங்கள் வீட்டில் கேட்டதை அவர்கள் வகுப்பில் வந்து சொல்கிறார்கள். எங்கள் காதில் விழுகிறது. அந்தப் பிள்ளையின் காதிலும் விழுகிறது.

அந்த மாணவி இன்று இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். சராசரி மாணவிதான், மேடையேற்றிப் பாராட்டும்படி எந்தச் சாதனையும் இல்லை. அந்தச் சராசரிக்கு எத்தனை பேர் உழைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தம்பி எங்கள் பள்ளியில் கால்பந்து விளையாடிச் சன்னல் கண்ணாடி உடைத்தான். தாயாரை அழைத்தேன். வந்தார்! பணி உடையோடு, கையில் கண்ணாடிக்கான பணத்தோடு. வாங்கவில்லை.

கடந்த பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயற்குழுவில் ஒரு கோரிக்கை வைத்தேன். இவ்வாண்டு தன்முனைப்பு முகாமுக்கு ஒதுக்கிய தொகையில் பாதியை, ஆவண வேலைக்காக அலுவலகங்களுக்குப் போகும் பெற்றோரின் ஒரு நாள் கூலிக்கும் பேருந்துச் செலவுக்கும் ஒதுக்கலாம். யாருக்குக் கொடுத்தோம் என்பது தலைமையாசிரியருக்கும் அந்த அம்மையாருக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்றேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு செயற்குழு உறுப்பினர், நல்ல மனிதர், உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார்: "அப்படியென்றால் ஆண்டறிக்கையில் என்ன படம் டீச்சர் போடுவது?"

அடுத்த கூட்டத்திற்கு ஒத்தி வைத்திருக்கிறார்கள். நான் மறுபடியும் கேட்பேன்.